கரண்டுக்கு வெறும்பறி ஏது?

மல்லசமுத்திரம் கயிற்றுக்கடை அத்தாயிக்குக் காட்டுப்பாளையம் அப்புசாமிக் கவுண்டர் பதினேழு ரூபாய் பாக்கி. தை மாதம் வாங்கிய ஒயருக்கு ஆடி பிறந்தும் காசு வரவில்லை. இது ஊர் முழுக்கத் தெரியும். அத்தாயி கயிறு அளக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டேதான் அளப்பாள்.

"லாபம்... அப்புசாமிக் கவுண்டரு பதினேழு ரூவா... ரெண்டு... தை மாசத்துல வாங்குனது... மூணு... இன்னங் குடுத்தபாடில்லை... நாலு..."

இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். விரிக்கும்போது எண்ணிக்கை, மடக்கும்போது பாக்கி. முதல் பாகத்தை ஒன்று என்று எண்ணாமல், லாபம் என்றுதான் தொடங்குவாள். ஒரு நாளாவது எண்ணிக்கை தவறியதில்லை, பாக்கியும் தவறியதில்லை. கன்றுக்குட்டி கட்டக் கயிறு வாங்க வந்தவன், கயிற்றோடு அந்தச் சேதியையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போவான்.

அத்தாயிக்கு ஐம்பதை ஒட்டிய வயசு. ஆள் உயரமில்லை. ஆனால் கைகள் மட்டும் வேறு யாரோ பெரிய ஆளுக்குச் செய்து வைத்ததை இவளுக்கு மாட்டிவிட்டாற்போல நீளம். அவள் அளக்கிற ஒரு பாகம் இரண்டு கெஜத்தைத் தாண்டி நாலு விரற்கடை கூடவே வரும். அதனாலேயே ராசிபுரத்துப் பக்கமிருந்துகூட ஆட்கள் வருவார்கள். "சேலத்துக் கடைக்காரன் இரும்புக் கெஜக்கோலுல அளக்கறானுங்க. இரும்புக்கு ஈரம் எங்கீங்க இருக்குது? என்ற கைக்கு இருக்குதுங்க" என்பாள். நாலு விரற்கடை கூடுதலுக்கு விலையில் காலணா கூடுதலாக வைத்திருப்பதை அவளும் சொல்ல மாட்டாள், வாங்குகிறவனும் கேட்க மாட்டான்.

எந்நேரமும் வாயில் வறுத்த புளியங்கொட்டை கடகடவென்று உடைபடும். அந்தப் பல்தான் அவளுக்குத் தராசு. புது ஒயர்ச் சுருள் வந்தால் முதல் வேலையாக நுனியைக் கடிப்பாள். நல்ல ரப்பர் என்றால் பல் பதிந்து, எடுத்ததும் தழும்பு தானே மறைந்துவிடும். கிடங்கில் கிடந்து காய்ந்த சரக்கு என்றால் பழைய முறுக்கு மாதிரிப் பொரியும். பொரிந்தால், துப்பிவிட்டுச் சுருளை லாரிக்கே திருப்பி எறிவாள். அடுத்தது, மேல்தோலை நகத்தால் உரித்து, உள்ளே இருக்கிற செம்புக் கம்பிகளைக் கட்டைவிரலால் விரித்துப் பார்ப்பாள். கற்றாழை நாரைப் புரி பிரித்துப் பார்க்கிற அதே விரல், அதே விரிப்பு.

கயிற்றுக்கடையில் ஒயர் எப்படி வந்தது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. அதில் ஒரு பெருமை உண்டு. ஊருக்குள் கரண்டுக் கம்பம் நட்ட வருஷம், தேங்காய் நார்க் கயிறு ஏற்றி வந்த லாரியில் காகிதம் சுற்றிய வளையம் வளையமாக வேறொரு சரக்கும் இருந்தது. என்ன அது என்று கேட்டாள். "அது உங்களுக்கில்லைங்கக்கா, கரண்டு ஒயரு" என்றான் டிரைவர். அத்தாயி ஒரு வளையத்தைத் தூக்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், தோளில் மாட்டிப் பார்த்தாள்.

"சுருட்டி வந்தா அது கயிறுதான் சாமி. கயிறுன்னா அத்தாயி கடைக்குத்தான் வரோணும்."

அடுத்த சந்தைக்கு நாலு வெள்ளாட்டை விற்றாள். அதற்கடுத்த சந்தையில் கயிற்றுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒயர்ச் சுருள்கள் தொங்கின. பத்து வயசில் சந்தை மூலையில் கோணிச் சாக்கை விரித்து மூக்கணாங்கயிறு விற்றவள், தகரக் கூரை போட்ட கடைக்கு முதலாளி. யார் காலையும் பிடித்து வந்ததல்ல. கயிற்றைப் பிடித்து வந்தது.

அவள் புருஷன் ஆண்டி கடைக்குப் பின்னால் நாள் முழுக்கக் கயிறு திரிப்பான். நல்ல உழைப்பாளி. ஒயரை மட்டும் தொட மாட்டான். எடுத்து வரச் சொன்னால் கவைக்கோலால் தூக்கி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வருவான்.

"கரண்டு உள்ள ஓடுனாத்தானே கடிக்கும்? கடையில கெடக்கறப்ப அது செத்த பாம்பு" என்பாள் அத்தாயி.

"செத்த பாம்பையுந்தான் நான் தொடறதில்லை" என்பான் ஆண்டி.

ஒயர்ச் சுருள்களின் அட்டையில் ஏதேதோ நம்பர் அச்சடித்திருக்கும். அத்தாயிக்கு எழுத்துத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் வரவில்லை. ஒவ்வொரு சுருளிலும் ஒரு சாண் கயிற்றுத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டாள். விளக்குக்குப் போகிற மெல்லிசு ஒயரில் மூக்கணாங்கயிறு. அதைவிடக் கொஞ்சம் தடித்ததில் வால்கயிறு. எல்லாவற்றிலும் தடித்ததில் வடக்கயிறு. வருகிறவர்களும் அப்படியே கேட்கப் பழகிவிட்டார்கள். "அக்கா, மூக்கணாங்கயித்து ஒயரு அஞ்சு பாகம்" என்று கேட்டால் சரியான சரக்குக் கிடைக்கும். நம்பர் சொல்லிக் கேட்டால், "உங்கூட்டு மாட்டுக்கு நம்பரு போட்டா கயிறு கட்டறீங்க?" என்ற பதில் கிடைக்கும்.

இந்தப் பக்கத்தில் கரண்டு வந்த பிறகு ஒரு புதுப் பித்து பரவியது. கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் பழைய மோட்டார் ஒன்றை எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பிழைப்புக்கு அல்ல, ஆசைக்கு. ஒருவர் தயிர் கடைய மிஷின் செய்தார். ஒருவர் பேரப் பிள்ளையின் தொட்டிலுக்கு மோட்டார் மாட்டினார். இன்னொருவர் தம்முடைய மயிலைக் காளைக்கு விசிறி வைத்தார். அது முதல் நாளே விசிறியை முட்டித் தள்ளியது வேறு கதை. மிஷினை யார் வேண்டுமானாலும் செய்யலாம். மிஷினுக்குப் பொருத்தமான ஒயர் எது என்று சொல்ல அத்தாயியிடம்தான் வந்தாக வேண்டும்.

அவள் மூன்று கேள்வி கேட்பாள். எத்தனை குதிரை? எத்தனை தூரம்? கிடக்குமா, ஆடுமா?

குதிரை என்பது மோட்டாரின் பலம். பலமான மாட்டுக்குத் தடித்த கயிறு. தூரம் என்பது கிணற்று ஆழம் மாதிரி. ஆழம் கூடினால் கயிறும் தடிக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். சைக்கிள் கடை மாரியப்பன் சாணை பிடிக்கிற சின்ன மோட்டார் வைத்திருந்தான். அதைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் வைப்பான். ஒற்றைக் கம்பி ஒயரைப் போட்டு, அது வாரத்துக்கு ஒரு தரம் உள்ளுக்குள்ளேயே முறிந்தது. "கட்டிக் கெடக்கற கயிறு மொரட்டுப் புரியா இருந்தாலும் போச்சாது சாமி. ஆடற கயிறு நூலு நூலா இருக்கோணும். ஒத்தைக் குச்சியில மாடு கட்டுவயா?" என்று நிறைய இழை சேர்த்த ஒயரைக் கொடுத்தாள். இன்றுவரை முறியவில்லை. வேண்டுமானால் மாரியப்பன் கடையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்டவளிடம்தான் தை மாதத்துச் சந்தையன்று அப்புசாமிக் கவுண்டர் வந்து சேர்ந்தார்.

கவுண்டர் நல்ல மனிதர். தோட்டம் துரவு உண்டு. பயிர் பச்சையில் கெட்டிக்காரர். செலவு என்றால் மட்டும் மடிப்பை அவிழாது. அவருக்கும் பித்துப் பிடித்திருந்தது. ஆடி நோம்பிக்கு மரத்தில் தூரி என்கிற ஊஞ்சல் கட்டி ஆடுவது நம் பக்கத்து வழக்கம். ஆட்ட ஆள் இல்லாமல் தானே ஆடுகிற தூரி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று கவுண்டர் கிளம்பிவிட்டார். பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை நிறுத்தி, மோட்டாரிலிருந்து தோல்வார் போட்டு, சக்கரத்தின் ஓரத்து முளையிலிருந்து தூரிப் பலகைக்கு ஒரு மூங்கில் கோல். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் தூரி ஒரு தரம் போய் வரும். வீட்டுக்குள் உத்தரத்தில் கட்டத்தான் நினைத்தார். அவர் சம்சாரம் வசந்தாமணி, "ஓடு பூராத் தலைமேல உளுகறதுக்கா? கொண்டுபோயிக் கெணத்துமேட்டுல கட்டுங்க" என்று துரத்திவிட்டாள்.

"ஏனுங்க கவுண்டரே, மோட்டாரு எத்தனை குதிரைங்க?" என்று அத்தாயி ஆரம்பித்தாள்.

"அரைக் குதிரை."

"முன்னங்காலுப் பக்கமுங்களா, பின்னங்காலுப் பக்கமுங்களா?"

சந்தையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கவுண்டருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"உன்ற நாயத்தை உட்டுப்போட்டு ஒயரைக் காட்டு அத்தாயி."

"காட்டறனுங்க. தூரம்?"

"ஊட்டுல இருந்து கெணத்துமேட்டு வேப்பமரம் வரைக்கும்."

அத்தாயிக்கு அந்தக் கிணறும் தெரியும், அந்த மரமும் தெரியும். கண்ணை மூடி மனசுக்குள் நடந்து பார்த்தாள். "நாப்பது பாகம். தூரி ஆடும், மோட்டாரு அப்பிடியே கெடக்கும். வடந்தானுங்க சரி. கரண்டு போறதுக்கு ஒண்ணு, திரும்பி வாரதுக்கு ஒண்ணு. ரெண்டு வடம், இருவத்தி மூணு ரூவாய்ங்க."

"இருவத்தி மூணா! அதுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கிப்போடலாமே!"

"வாங்கி மரத்துல கட்டுங்க. அது தூரி ஆட்டுதான்னு பார்க்கலாம்."

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சேலத்துல கேட்டுக்கறேன்" என்று திரும்பினார்.

கடை வரைக்கும் வந்தவர் சேலத்துக்குப் போவதை மட்டும் அத்தாயியால் பொறுக்க முடியாது. அது அவள் பலவீனம் என்று சொல்லலாம். பலம் என்றும் சொல்லலாம். அந்த நிமிஷத்தில் அவள் மூளை கிணற்றுக்கு ஓடியது. நம் பக்கத்தில் இறைப்பெல்லாம் கவலை இறைப்புத்தான். ஒரு ஜோடி மாடு வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும். இரும்புப் பறி நிறையத் தண்ணீரோடு மேலே ஏறும். கூடவே வால்கயிறு என்று மெல்லிசாக ஒன்று உண்டு. பறியின் அடியில் இருக்கிற தோலைப் பிடித்து வாய் திறந்து மூட அது உதவும், அவ்வளவுதான். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பறி வெறுமனே கிணற்றுக்குள் இறங்கும். ஏறும்போது பாரம், இறங்கும்போது வெறும்பறி. வயிற்றிலிருந்து விழுந்த குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

"கவுண்டரே, சித்த நில்லுங்க!" என்றாள் அத்தாயி. "கரண்டு போவையில பாரத்தோட போவுது. மோட்டாருக்குள்ள போயி அந்தப் பாரத்தை எறக்கிப்போடுது. திரும்பி வரையில வெறும்பறிதானுங்களே? வெறும்பறிக்கு எதுக்குங்க வடம்? போறதுக்கு ஒரு வடம், வாரதுக்கு ஒரு வால்கயிறு. பதினேழு ரூவாய்ங்க. முடிஞ்சுது!"

கூட்டம் தலையாட்டியது. அத்தனை பேரும் பால்குடி மறந்த நாளிலிருந்து கவலை ஓட்டினவர்கள். இதில் தப்புக் கண்டுபிடிக்க யாரால் முடியும்? "அடேங்கப்பா, இதுதான் ரோசனை!" என்றார் ஒருவர். கவுண்டரின் முகம் மலர்ந்துவிட்டது. ஆறு ரூபாய் மிச்சம் என்பதோடு, அது தம்முடைய கிணற்றுக் கணக்கோடு பொருந்தி வந்ததில் அவருக்கு இரட்டைச் சந்தோஷம்.

அதோடு விட்டிருக்கலாம். அத்தாயி விடவில்லை. சந்தை முழுக்கக் கேட்கிறாற்போல, "சுத்துனாக் காசு குடுங்க! சுத்தலைன்னா ஒத்தைப் பைசா வேண்டாம்! இது அத்தாயி சொல்றது!" என்று கையைத் தட்டினாள்.

கவுண்டர் வேலியோரத்துக் கல்லுக்கால்களில் வெள்ளைப் பீங்கான் குமிழ்களை வைத்து, மேலே வடமும் கீழே வால்கயிறுமாகத் தாமே ஒயரை இழுத்துக் கட்டினார். நல்ல நாள் பார்த்துச் சுவிட்சைப் போட்டார். மோட்டார் சினை எருமை மாதிரி முனகியது. முனகியதே ஒழிய அசையவில்லை.

"மோட்டாரு வித்தவன் கால் குதிரையை அரைக் குதிரைன்னு வித்துப்போட்டான்" என்றாள் அத்தாயி. கவுண்டர் மோட்டாரை வண்டியில் ஏற்றிச் சேலம் கொண்டுபோனார். அங்கே மேஜை மேல் வைத்துச் சுவிட்சைப் போட்டதும் அது பம்பரமாகச் சுற்றியது. திரும்பக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் மாட்டினால் மறுபடியும் சினை எருமை. "மோட்டாரு நல்லாத்தான் இருக்குது. அத்தாயி ஒயருதான் முனகுது" என்று கவுண்டர் போகிற வருகிற இடமெல்லாம் சொன்னார்.

காசு தந்தால்தான் அந்தத் தோட்டத்தில் கால் வைப்பேன் என்று இவள். சுற்றினால்தான் காசு என்று அவர். இழுவைக் கயிறு மாதிரி ஆளுக்கொரு முனையைப் பிடித்து நின்றதில் மாசங்கள் ஓடின. அத்தாயி பாக்கியைச் சொல்லிச் சொல்லி அளந்தாள். ஆனால் ஊரில் அந்தச் சேதியோடு இன்னொரு சேதியும் சேர்ந்தே நடந்தது. வைகாசிச் சந்தையில் ஒருவன் ஒயர்ச் சுருளைத் தட்டிப் பார்த்து, "ஏனுங்கக்கா, இது முனகுமுங்களா, முனகாதுங்களா?" என்று கேட்டான். சுற்றிலும் சிரிப்பு. அவன் கயிறு மட்டும் வாங்கிக்கொண்டு, ஒயருக்குச் சேலம் பஸ் ஏறினான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர் ஏறினார்கள். ஆடு விற்று வாங்கிய சுருள்கள் தூசி பிடித்துத் தொங்கின. அத்தாயிக்குப் புளியங்கொட்டை ருசிக்கவில்லை. பதினேழு ரூபாய் போனால் போகட்டும். சொன்ன சொல் போகிறதே.

கவுண்டருக்கும் தூக்கம் இல்லை. சித்திரையில் மகள் கமலவேணிக்குக் கல்யாணம் நடந்திருந்தது. முதல் ஆடிக்கு மாப்பிள்ளை வீட்டு உறம்பரை, சொந்தபந்தம் அத்தனையும், வண்டி கட்டி வரப்போகிறது. தானே ஆடுகிற தூரி இருக்கிறது என்று சம்பந்தியிடம் மீசையைத் தடவிக்கொண்டு சொல்லிவிட்டார்.

பதினெட்டாம் பெருக்கு நோம்பிக்கு முதல் நாள் கவுண்டர் தோட்டத்து ஆள் கடைக்கு வந்தான். "கவுண்டரு ஒரு வடக்கயிறு வாங்கியாரச் சொன்னாருங்க."

"கவலைக்குங்களா?"

"இல்லீங்க. தூரிக்கு. மிஷினு ஆட்டலையாமா. பலகையில வடத்தைக் கட்டி, மாட்டை உட்டு இழுத்து ஆட்டறாங்களாமா."

அளந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. மோட்டாருக்குப் பதில் கயிறா? அதுவும் அவள் கடையிலிருந்தேயா? கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால்கூட அத்தாயிக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

"கயிறு குடுத்தனுப்பறதில்லை. நாளைக்கு நானே கொண்டாந்து கட்டறேன்னு சொல்லு" என்றாள்.

மறுநாள் காலை, தலையில் ஒரு பெரிய சுருளோடு அத்தாயி காட்டுப்பாளையம் போனாள். பின்னால் கவைக்கோலோடு ஆண்டி. தோட்டத்தில் உறம்பரை நிறைந்திருந்தது. வேப்பமரத்தடியில் மிஷின் தூரி மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, ஆடாமல் நின்றது. பக்கத்தில் ஒரு ஜோடி மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அந்த மாட்டையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா அத்தாயி. மாட்டுக்குக் கயிறு கொண்டாந்துட்டயா?" என்றாள் வசந்தாமணி.

"மாட்டை அவுத்து உடுங்கம்மிணி. நோம்பி நாளுல அதுகளாச்சும் ரெஸ்டு எடுக்கட்டும்."

தூரிக்கு எதிரே, நாலடி தள்ளி நட்டிருந்த கல்லுக்காலில் சுவிட்சு இருந்தது. அத்தாயி இடுப்பில் செருகியிருந்த காய்ந்த நார்க்கயிற்றுச் சுருளைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். ஒயரைத் தொடுவதானால் எப்போதும் அப்படித்தான். "போடுங்க கவுண்டரே."

மோட்டார் முனகியது. அத்தாயி உள்ளங்கையால் மேலே ஓடிய வடத்து ஒயரைப் பிடித்தாள். தண்ணிப் பானை மாதிரிக் குளிர்ந்திருந்தது. கீழே ஓடிய வால்கயிற்று ஒயரைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் கையை உதறி வாயில் வைத்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க!"

சுட்ட விரலால் அந்த ஒயரை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தாள். அத்தாயி பேசாமல் நிற்பது கிரகணம் மாதிரி. ஆண்டிகூடக் கவைக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். கயிறு எப்போது சுடும் என்பது அவளுக்குத் தெரியாததா? பாரத்தை இழுத்து உருளையில் ஓடும்போது வடம் சுடும், தொட்டால் தோல் வழலும். வால்கயிறு ஒரு நாளும் சுட்டதில்லை. சுடுகிறது என்றால் அது பாரம் தூக்குகிறது. தூக்க முடியாமல் தூக்குகிறது. திரும்பி வருகிற கரண்டும் போகிற கரண்டு மாதிரியே நிறைபறியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. அந்த மெல்லிசு ஒயர் அதைத் தாங்க மாட்டாமல் வெந்துகொண்டிருக்கிறது.

புளியங்கொட்டை ஒன்று கடக்கென்று உடைந்தது.

"கரண்டுக்கு வெறும்பறி ஏதுங்க?" என்றாள், குரலைத் தூக்கி. "போவையிலும் பாரம், வரையிலும் பாரம்! ரெண்டும் வடமாத்தான் போடோணும்!"

கவுண்டர் திகைத்துப் போனார். "அடிப் பாவி, வெறும்பறின்னு சொன்னதே நீதானே!"

"நான் கவலையைப் பத்திச் சொன்னனுங்க. நீங்க அதைக் கரண்டுன்னு எடுத்துக்கிட்டீங்க."

"சந்தையே கேட்டுச்சே!"

"சந்தையில சத்தம் சாஸ்திங்க."

வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தாயி அதற்குள் வீட்டில் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு வேலையில் இறங்கிவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று கயிற்றுக்குப் பதில் அவள் சுமந்து வந்திருந்த வடத்து ஒயரை ஆண்டி கவைக்கோலில் மாட்டிக்கொண்டு வேலியோரமாக நடந்தான். அது சுழன்று சுழன்று அவிழ்ந்தது. கவுண்டர் வால்கயிற்று ஒயரைக் குமிழ் குமிழாகக் கழற்றிக்கொண்டு வர, அத்தாயி புதியதை இழுத்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வீட்டுச் சுவரில் ஒரு முடிச்சு, மோட்டாரில் ஒரு முடிச்சு. இரண்டையும் கவுண்டர் முறுக்கினார். அத்தாயி இழுத்துப் பார்த்துத் தலையாட்டியதும் வீட்டில் மெயினைப் போட்டார்கள்.

யார் முதலில் ஏறுவது என்று கேள்வி வந்தது. மாப்பிள்ளை வெகு மரியாதையாக, "நீங்களே மொதல்ல உக்காருங்க மாமா" என்றார். கவுண்டர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார்.

அத்தாயி கயிற்றுச் சுருளில் ஏறி நின்று சுவிட்சைத் தட்டினாள்.

முனகல். அரை மூச்சு நேரம் அதே முனகல். அப்புறம் தோல்வார் படாரென்று ஓர் அடி அடித்தது. வண்டிச் சக்கரம் அசைந்தது, சுற்றியது. மூங்கில் கோல் பலகையைத் தள்ளியது. தூரி போயிற்று, வந்தது, போயிற்று. வேப்பமரத்துக் கிளிகள் மொத்தமாகக் கத்திக்கொண்டு கிளம்பின.

"அய்யய்யோ, நெசமாலுமே ஆடுதுங்க!" என்று கூவினாள் வசந்தாமணி. கமலவேணி கைகொட்டினாள். கவுண்டர் பல்லெல்லாம் தெரியச் சின்னப் பையனாட்டம் சிரித்துக்கொண்டு போய்ப் போய் வந்தார். மாடுகள் இரண்டும் அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

"அத்தாயி! எறங்கி வந்து காசு தாரேன்!"

"எறங்குனா மறந்துபோவீங்க. ஆடிக்கிட்டே குடுங்க."

சொல்லிவிட்டு அத்தாயி வலது கையை நீட்டினாள். தூரி முன்னால் வந்து நிற்கிற இடத்துக்கு அந்த நீளக் கை சரியாக எட்டியது. இடது கை கல்லுக்காலில் இறங்கி வருகிற புது ஒயரைப் பிடித்திருந்தது. கவுண்டர் மடிப்பையை அவிழ்த்தார். தூரி முன்னால் வந்ததும் ஒரு வெள்ளி ரூபாய் உள்ளங்கையில் விழுந்தது.

"லாபம்" என்றாள் அத்தாயி.

தூரி பின்னால் போயிற்று; வந்தது.

"ரெண்டு."

உறம்பரை முழுக்கச் சேர்ந்துகொண்டது. மூணு, நாலு என்று பெண்டு பிள்ளைகளெல்லாம் எண்ண, தூரி தவறாமல் போய்த் தவறாமல் வந்தது. "பதினேழு!" என்று தோட்டமே அதிர்ந்தது. கவுண்டர் மடிப்பையை மூடினார்.

அடுத்த தரம் வந்தபோதும் கை நீட்டியபடியே இருந்தது.

"பதினேழுதானே பாக்..." என்றவரைத் தூரி பின்னால் இழுத்துக்கொண்டு போயிற்று. திரும்பி வந்து, "...கி?" என்று முடித்தார்.

"அது வால்கயித்து வெலைங்க. இப்பக் கெடக்கறது ரெண்டும் வடம். இருவத்தி மூணு."

"தப்பு உன்றதுதா..." போய் வந்தார். "...னே அத்தாயி! சுவிட்சை நிறுத்து!"

"எனக்கு எட்டலைங்களே!" என்றாள் அத்தாயி. சுவிட்சு அவள் தோளை ஒட்டி இருந்தது.

"குடுத்துப்போடுங்கப்பா!" என்று கமலவேணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை சிரித்த பிறகு கவுண்டருக்கு வேறு வழி இல்லை. மடிப்பை மறுபடி அவிழ்ந்தது.

பதினெட்டு. பத்தொன்பது. அத்தாயி காசைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள். மடியில் கிடந்த சூட்டோடு ரூபாய்கள் வலது கையில் வெதுவெதுவென்று விழுந்தன. இடது கையில் ஒயர் குளிர்ந்தே கிடந்தது. தூரி வந்தது. அவள் கையை இன்னும் கொஞ்சம் நீட்டி விரித்தாள். இருபத்து மூன்றாவது ரூபாய் அதில் விழுந்தது.